மூச்சும் பேச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் ஃப்ரீடைவிங் பற்றி நீங்கள் வெளியிட்டிருந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். முதுகில் சிலிண்டர் இல்லாமல், இழுத்த ஒரே மூச்சோடு கடலுக்குள் இறங்கி அதே மூச்சோடு ஏறி வருகிற இந்தக் கிறுக்குத்தனத்துக்குத் தமிழ் நாளிதழில் ஒரு முழுப்பக்கமா என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. படம் அதைவிட நன்றாக இருந்தது. நீலம் கறுக்கத் தொடங்குகிற ஆழத்தில், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒருவர் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறார். வெட்டி எடுத்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கட்டுரையின் கடைசிப் பகுதிதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. தன் உடம்பு சொல்வதை மட்டும் கேட்டு நடப்பவருக்குக் கடல் வழிவிடும், ஆழத்தில் மனிதன் முழுத் தனிமையில் தன்னைத் தரிசிக்கிறான் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி: முங்குவதற்கு முன் இருபது முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் உள்ளே அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாமாம். பெட்டிச் செய்தியில் இருப்பது ஆளைக் கொல்லக்கூடிய யோசனை. அதற்கு மட்டும் என்றால் நாலு வரியில் எழுதித் திருத்தம் போடச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தத் தரிசன வரியும் அதே தப்பைத்தான் வேறு உடுப்பில் சொல்கிறது என்று எனக்குப் படுகிறது, அதனால் கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், வேகமூச்சு பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் வீராங்கனை எல்லாம் இல்லை. வயது 47, பகலெல்லாம் கணக்கு வழக்குப் பார்க்கிற வேலை. நீச்சலே முப்பத்தைந்து வயதில்தான் வந்தது. நாற்பதில் இதில் இறங்கினேன். ரஷ்யாவின் நத்தாலியா மோல்ச்சனோவாவும் நாற்பது வயதில்தான் தொடங்கினார் என்று எங்கோ படித்தபோது ஓர் அற்ப சந்தோஷம். அவர் அதன்பிறகு 41 உலக சாதனைகள் படைத்தார், 100 மீட்டரைத் தாண்டிய முதல் பெண் ஆனார். நான் ஏழு வருடத்தில் 28 மீட்டரைத் தொட்டிருக்கிறேன். ஒப்பீடு அதோடு முடிந்தது.

கீழே போவது எப்படி இருக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதலில் மிதவையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, வாயில் ஸ்நார்க்கெல் என்கிற மூச்சுக்குழாயோடு இரண்டு மூன்று நிமிடம் சும்மா கிடக்க வேண்டும். தூங்குகிறவர் மூச்சு விடுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டு, மூச்சும் நின்றால் இதயத்துடிப்பு தானாகக் குறையும்; கைகால்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் நெஞ்சுக்கும் மூளைக்கும் ஒதுங்கும்; மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை வெளியே தள்ளும். சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் இருக்கிற அதே ஏற்பாடு, அளவில் சின்னதாக, நம் எல்லாரிடமும் இருக்கிறது, கடலையே பார்க்காதவரிடமும் இருக்கிறது. இதை முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. யாரும் சொல்லித்தராத ஒன்று என் உடம்புக்குப் பிறந்த நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது, நாற்பது வருடம் என்னிடம் அது வாயே திறக்கவில்லை.

அப்புறம் கடைசி மூச்சு. இடுப்பை மடித்து, கால்களைத் தூக்கி, தலைகீழாகப் போக வேண்டும். முதல் பத்து மீட்டர் பெரும்பாடு, உடம்பு மேலே மேலே என்று தள்ளும். காதும் வழிக்கு வர வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு நாக்கின் அடிப்பகுதியால் காற்றைக் காதுப் பக்கம் தள்ளுகிற ஃப்ரென்செல் முறை எனக்குப் பழகவே எட்டு மாதம் ஆனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் விமானிகளுக்காக ஒரு மருத்துவர் சொல்லிக்கொடுத்த முறை அது. காது திறக்காத நாளில் நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஆறு மீட்டரிலிருந்து திரும்பி வர வேண்டியதுதான், அதில் அப்பீலே கிடையாது.

பத்து மீட்டரில் நுரையீரலில் இருக்கிற காற்று பாதியாகச் சுருங்கிவிடும், முப்பதில் கால்வாசி. அதனால் ஓரிடத்தில் மிதப்பு போய்க் கனம் வந்துவிடுகிறது. இருபது மீட்டர் வாக்கில் காலை ஆட்டுவதை நிறுத்திவிடலாம், தானாக விழுவோம். கடல் நம்மை இழுத்துக்கொள்கிறது என்று எழுதுகிறார்கள். இழுப்பதெல்லாம் இல்லை. நாம் சுருங்கிவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில விநாடிகளை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மிதவையிலிருந்து தொங்குகிற கயிறு கன்னத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும், கால் அசையாது. நகப்பூச்சின் சிவப்பு எப்போதோ கறுத்திருக்கும், ஏனென்றால் தண்ணீருக்குள் முதலில் தொலைகிற நிறம் சிவப்புதான். நிசப்தம் என்று எழுதியிருந்தீர்கள், நிசப்தம் எல்லாம் கிடையாது. கடாயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரு சடசடப்பு, சின்னச்சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம், எல்லாப் பக்கமிருந்தும் வரும். ஒலி தண்ணீரில் காற்றைவிட நாலு மடங்குக்கும் அதிக வேகத்தில் போவதால் இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எட்டிவிடுகிறது, திசையே பிடிபடாது.

தன்னைத் தரிசிப்பதா? உண்மையைச் சொன்னால், ஒருமுறை 22 மீட்டரில் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டே விழுந்தேன். கருவறைக்குத் திரும்புவது போல என்று ஒரு வரி இந்த மாதிரிக் கட்டுரை எல்லாவற்றிலும் வந்துவிடும், உங்கள் கட்டுரையிலும் வந்தது. எனக்கு அங்கே இருந்தது ஞாபகமில்லை, எழுதியவருக்கு இருந்தால் சரி. ஆனால் சில நாளில், பத்துக்கு ஒருநாள் என்று வையுங்கள், என் பெயர், வயது, யாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் மேலே மிதவையில் மாட்டிவிட்டு வந்த மாதிரி இருக்கும். பயமும் இல்லை, பெரிய ஆனந்தம் என்றும் சொல்ல முடியாது. விழுந்துகொண்டிருக்கிற ஒரு பொருள், அந்தப் பொருளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஒருநாளுக்காகத்தான் மற்ற ஒன்பது நாளும் வெட்சூட் என்கிற இறுக்கமான ரப்பர் உடுப்புக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு கிளம்புகிறோம்.

இதுவரைக்கும் கட்டுரையாளருக்கும் எனக்கும் பெரிய சண்டை இல்லை. மூச்சு முட்டுகிற இடத்தில்தான் சண்டை.

மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு தவிப்பு வரும். பிறகு உதரவிதானம் தானாகத் துள்ளத் தொடங்கும், விக்கல் மாதிரி, வயிறு உள்ளே போய்ப் போய் வரும். பிராணவாயு தீர்ந்துவிட்டது, சாகப்போகிறோம் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். உண்மையில் அந்தத் தவிப்பைக் கிளப்புவது முக்கியமாக ரத்தத்தில் ஏறுகிற கார்பன் டை ஆக்சைடு. அது ஒரு காவல்காரன், சீக்கிரமே கத்த ஆரம்பித்துவிடுவான். அவன் கத்தத் தொடங்கும்போது பிராணவாயு இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, உடம்பில் தெரிந்துகொள்வது வேறு. முதல் துள்ளல் வரும்போது பதறாமல் தோளைத் தளர்த்தி, சரி, வந்துவிட்டாயா, இரு என்று அதற்கு இடம் கொடுத்துப் படுத்திருந்த அன்றைக்கு, வெறும் படுக்கையில்தான், கரையில்தான், எனக்கு என்னவோ ஒன்று உள்ளே மாறியது. அப்போதெல்லாம் எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு அடைக்கும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. பயம் வருகிற நேரம் வேறு, ஆபத்து வருகிற நேரம் வேறு, நடுவில் நல்ல அகலமான இடம் இருக்கிறது, அங்கே கொஞ்சம் உட்காரலாம் என்று கற்றுக்கொண்ட பிறகு அந்த இரண்டு மணி விழிப்பு மெல்ல மெல்ல விட்டுப்போனது. ஆன்மிகம் என்ற வார்த்தையை நான் அதிகம் புழங்குவதில்லை, ஆனால் இந்தக் கலை எனக்குக் கொடுத்ததில் அந்தப் பெயருக்குத் தகுந்தது எது என்று கேட்டால் ஐந்து வருடம் முன்பு இதைத்தான் சொல்லியிருப்பேன். உன்னை நம்பு, உன் உடம்பைக் கேள், பயம் வெறும் சத்தம்.

நான்கு வருடம் முன்பு ஒரு காலையில் அது உடைந்தது.

அன்று நானும் என் தோழியும் ஒரே கயிற்றில் முறை வைத்து இறங்கிக்கொண்டிருந்தோம். அவள் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். கடல் கண்ணாடி மாதிரி. எனக்கு எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்த நாள், காது திறந்தது, கால் வலிக்கவில்லை. அதனாலேயே நடுவில் விட வேண்டிய ஓய்வைக் குறைத்தேன். உள்ளே இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே கிடக்க வேண்டும் என்பது பாலபாடம், பாதிகூடக் கிடக்கவில்லை. இறங்குவதற்கு முன் நாலைந்து பெருமூச்சு வேறு. எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவர், பெயர் வேண்டாம், அதைச் "சுத்திகரிப்பு" என்று கற்றுக்கொடுத்திருந்தார். அந்தப் பழக்கம் விட்டுப்போகவே இல்லை. 24 மீட்டரில் கயிற்றின் நுனியில் இருக்கிற தட்டைத் தொட்டுவிட்டு, சுகமாக இருந்ததால் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சம் தங்கினேன். பிறகு கிளம்பினேன். பத்து மீட்டரில் அவள் எதிரே வந்து சேர்ந்துகொண்டாள், முகத்துக்கு நேரே முகம் வைத்து இருவரும் ஏறினோம். மேலே வெள்ளித் தகடு மாதிரி தண்ணீரின் அடிப்பக்கம் தெரிந்தது. தவிப்பு இல்லை. துள்ளல்கூட அவ்வளவாக இல்லை. இதமாக இருந்தது, ஒரு கம்பளிக்குள் இருக்கிற மாதிரி. இன்றைக்கு என்னவொரு நல்ல முங்கல் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஞாபகம், அவள் என் கன்னத்தில் தட்டிக்கொண்டிருக்கிறாள். மாஸ்க்கைக் காணோம். "அக்கா, மூச்சு விடுங்க. அக்கா! மூச்சு!" முகத்தில் ஊதுகிறாள். நான் விட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், எதற்கு இந்தப் பிள்ளை இப்படிக் கத்துகிறது என்று எனக்கு எரிச்சல்.

"நான்தான் நல்லா ஏறி வந்துட்டேனே, எதுக்கு அடிக்கிற?" என்றேன்.

"நீங்க வரல. நான்தான் கொண்டு வந்தேன்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடம் சண்டை போட்டேன். மூன்று மீட்டர் ஆழத்தில் என் கண்கள் திறந்தபடியே நிலைகுத்திவிட்டனவாம், வாயிலிருந்து குமிழி வந்ததாம். ஒரு கையால் தாடையை மூடிப் பிடித்து, இன்னொரு கையால் பின்தலையைத் தாங்கி, மேலே கொண்டுவந்து, மாஸ்க்கைக் கழற்றி, ஊதி, தட்டி, கூப்பிட்டிருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும் என்றாள். என் நினைவில் அந்தப் பத்து விநாடிக்கு இடமே இல்லை. இருட்டுகூட இல்லை. வெள்ளித் தகடு, அடுத்து அவள் முகம், இரண்டும் தையலே தெரியாமல் ஒட்டியிருக்கின்றன. வெயிலில் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தபோது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஏன் அப்படி ஆனது என்பதை எளிதாகச் சொல்கிறேன், பெட்டிச் செய்தியின் விஷமும் இதில்தான் இருக்கிறது. வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் பிராணவாயு ஒன்றும் பெரிதாகக் கூடாது, ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு. அதாவது கத்த வேண்டிய காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுப் போகிறோம். பிராணவாயு குறைவதற்கென்று உடம்பில் இருக்கிற மணி ரொம்பப் பலவீனமானது, அது அடிக்கும் முன்பே ஆள் போய்விடுவார். இன்னொன்று, ஆழத்தில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் நுரையீரலில் மிஞ்சியிருக்கிற கொஞ்சப் பிராணவாயுவும் ரத்தத்துக்குள் நன்றாகத் தள்ளப்படும், கீழே இருக்கும்வரை ராஜா மாதிரி இருக்கும். ஏறும்போது அழுத்தம் குறையும். அதிலும் பத்து மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அழுத்தம் சரிபாதியாகிறது, பிராணவாயுவின் பங்கும் அதோடு விழுகிறது. அதனால்தான் மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் வராமல் கடைசி சில மீட்டரிலும், தலை வெளியே வந்த பிறகும் வருகிறது. மயங்கிச் சரிவதற்கு முந்தைய நடுக்கத்துக்கு எங்கள் ஆட்கள் 'சம்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த நடனத்தின் பெயரேதான். தனியாக முங்கியவருக்கு அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆள் கிடையாது.

உடம்பு சொல்வதைக் கேள் என்கிறார் கட்டுரையாளர். கேட்டேன் ஐயா. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் அது சொன்னது. பயந்தபோதெல்லாம் ஆபத்து இல்லை, ஆபத்து வந்தபோது பயமே இல்லை.

நம் மொழியில் ஒருவர் நினைவில்லாமல் கிடந்தால் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தார் என்போம். அந்தச் சொல்லை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அன்றைக்குத்தான் அது என் மேல் வந்து உட்கார்ந்தது. ஃப்ரீடைவிங் போட்டிகள் பலவற்றில் ஒரு விதி உண்டு. எவ்வளவு ஆழம் போனாலும் சரி, மேலே வந்து 15 விநாடிக்குள் முகத்தில் மாட்டியிருப்பதைக் கழற்றி, கையால் சைகை காட்டி, "ஐயாம் ஓகே" என்று வாயால் சொல்ல வேண்டும், இதே வரிசையில். சொல்லவில்லையென்றால் நீங்கள் போன நூறு மீட்டரும் கணக்கில் வராது. மூச்சு வந்தால் மட்டும் போதாது, பேச்சும் வர வேண்டும். அதுவும் இன்னொருவர் காதில் விழுகிற மாதிரி. அமெரிக்க வீரர் நிக்கோலஸ் மெவோலி 2013 நவம்பரில் பகாமஸின் டீன்ஸ் புளூ ஹோல் என்ற ஆழமான கடற்குழியில் 72 மீட்டருக்கு இறங்கி ஏறி வந்தார், சைகையும் காட்டினார், வார்த்தை சரியாக வரவில்லை, சற்று நேரத்தில் நினைவு போனது, மீளவே இல்லை. அவரை அழித்தது நுரையீரல் காயம், என் கதை வேறு. ஆனாலும் அந்தச் செய்தியை இப்போது என்னால் பாதிக்கு மேல் படிக்க முடிவதில்லை.

வரலாறும் கொஞ்சம். 1913இல் கார்பதோஸ் தீவருகே இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்று நங்கூரத்தைத் தொலைத்தபோது, கிரேக்கக் கடற்பஞ்சு முங்காளி ஹாஜி ஸ்டாத்தி 70 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் அதைத் தேடிக் கயிறு கட்டிவிட்டு வந்தார். கப்பல் மருத்துவர்கள் சோதித்தால் செவிப்பறையில் ஓட்டை, நுரையீரலும் சுகமில்லை. 1949இல் இத்தாலிய விமானப்படை அதிகாரி ரைமொண்டோ புக்கெர் பந்தயம் கட்டி 30 மீட்டர் இறங்கியபோது நெஞ்சுக்கூடு நொறுங்கிவிடும் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் நினைத்தார்கள். 1976 நவம்பரில் இத்தாலியின் எல்பா தீவருகே பிரெஞ்சு முங்காளி ழாக் மயோல் கனமான சறுக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு 100 மீட்டரைத் தொட்டார், அப்போது அவர் வயது 49. யோகமும் ஜென் தியானமும் பழகியவர். அவருடைய இதயம் ஆழத்தில் நிமிடத்துக்கு 27 முறை என்ற அளவுக்குத் தணிந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்கள். இந்தக் கலைக்கும் ஆன்மிகத்துக்கும் நடுவில் முடிச்சு போட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த மரியாதை எனக்கும் உண்டு.

ஆனால் இந்த முடிச்சில் ஓர் இடம் தளர்வாக இருக்கிறது. இழுப்பதற்குப் பூரகம், அடக்குவதற்குக் கும்பகம், விடுவதற்கு இரேசகம் என்று நம்மிடம் மூச்சுக்கு எவ்வளவோ சொற்கள் இருக்கின்றன, மூச்சை அடக்கினால் மனம் அடங்கும் என்பது நமக்குப் பழைய பாடம். அந்தப் பாடமெல்லாம் பலகைமேல் உட்கார்ந்து எழுதப்பட்டது. கும்பகத்தில் அளவு மீறிப் போய் ஒருவர் மயங்கினால் பக்கத்தில் சாய்வார், உடம்பு தானாக மூச்சை எடுத்துக்கொள்ளும், முழங்கையில் சிராய்ப்போடு கதை முடியும். தண்ணீருக்குள் அதே உடம்பு அதே வேலையைச் செய்தால் உள்ளே போவது காற்றில்லை. தொண்டை சிறிது நேரம் இறுகி மூடிக்கொண்டு ஓர் அவகாசம் தரும். அந்த அவகாசம் இன்னொருவர் வந்து சேர்வதற்குத்தான் உதவும், மயங்கினவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தரையில் தனியாகச் செய்யக்கூடிய தவம் இது, கடலில் தனியாகச் செய்ய முடியாது. கடலை வைத்து ஆன்மிகம் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நம் பக்திமொழியிலும் கடல் பெரும்பாலும் கடக்க வேண்டிய ஒன்று, கரையேறினால் கதிமோட்சம். ஆழ்ந்து போனவர்களை ஆழ்வார் என்றும் சொல்லியிருக்கிறோம். ஏறுவதையும் ஆழ்வதையும் ஒரே உடம்பு ஒரே மூச்சில் செய்ய வேண்டியிருக்கிறவர்கள் முத்துக்குளிப்பவர்களும் எங்களைப் போன்ற வேலையற்றவர்களும்தான். முத்துக்குளிப்பவர்கூடத் தனியாக இறங்கியதில்லை. இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். தென்கொரியாவின் ஜெஜு தீவில் ஹென்யோ என்ற பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சிலிண்டர் இல்லாமல் முங்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கிறார்கள், பலருக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. 2016இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் அவர்கள் கலை சேர்ந்தது. மேலே வந்ததும் அவர்கள் மூச்சை விடும்போது சீட்டி மாதிரி ஒரு சத்தம் வரும், சும்பிசோரி என்பார்கள். கூட்டமாகத்தான் போவார்கள். அந்தச் சீட்டிக்கு என்ன விளக்கம் வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்கு அது கேட்கிற தூரத்தில் இருப்பவர்களுக்கான பேச்சு என்றுதான் படுகிறது.

அன்றைக்குப் பிறகு நான் மூன்று மாதம் இறங்கவில்லை. மேலே மட்டும் இருந்தேன், அவளுக்குக் காவலாக. உண்மையில் இந்தக் கலையில் பாதி நேரம் அதுதான், ஒருவர் கீழே, ஒருவர் மேலே. பத்திரிகையில் படம் வருவது கீழே இருப்பவருக்கு. அதற்குமுன் நான் மேலே இருந்த நேரத்தையெல்லாம் என் முறை வருவதற்கான காத்திருப்பாகத்தான் நினைத்திருந்தேன், சிலசமயம் மீனை வேடிக்கை பார்த்திருக்கிறேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மூன்று மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். அவள் மடிந்து இறங்குவாள், காலில் மாட்டுகிற துடுப்புகளான வெள்ளை ஃபின்ஸ் இரண்டும் சின்னதாகிச் சின்னதாகி நீலத்தில் கரையும். அதன்பிறகு பார்க்க எதுவும் இருக்காது. கயிற்றை இரண்டு விரலால் லேசாகப் பிடித்திருப்பேன். அவள் திரும்பும்போது கயிற்றைத் தொடுவாள், இருபத்தைந்து முப்பது மீட்டர் கீழே நடக்கிற அந்தத் தொடல் என் விரலுக்கு ஒரு சின்ன அதிர்வாக வந்து சேரும், மீன் தூண்டிலைக் கடித்துப் பார்க்கிற மாதிரி. அது வரும்வரை எண்ணிக்கொண்டே இருப்பேன். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. அந்த நேரத்தில் எனக்கு அடுப்பு ஞாபகம் வந்ததே இல்லை. என் பெயரும் வந்ததில்லை. அதிர்வு வந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு பத்து மீட்டருக்கு இறங்கி எதிரே போய்ச் சேர்ந்துகொள்வேன். கண்ணைப் பார்த்துக்கொண்டே ஏறுவோம். தலை வெளியே வந்த பிறகும் முப்பது விநாடி கண்ணை எடுக்கக் கூடாது. அவள் மாஸ்க்கைக் கழற்றி, "ஓகேக்கா" என்பாள்.

கடலுக்குள் போய் நான் தேடினது எதுவோ அது எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு விரலில்தான் என்று சொன்னால் கட்டுரையாளர் ஒத்துக்கொள்வாரா தெரியாது. மறுபடி இறங்கத் தொடங்கியபோது விழுவதும் மாறியிருந்தது. ஆழத்தில் நான் தனியாக இல்லை, கயிற்றின் மறுமுனையில் ஒருத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தே விழுகிறேன், பெயரையும் வயதையும் மிதவையில் மாட்டிவிட்டு வர முடிவதே அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதால்தானோ என்னவோ. மோல்ச்சனோவா 2015 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஸ்பெயினின் ஃபோர்மென்தெரா தீவருகே, போட்டியுமில்லாத சாதனை முயற்சியுமில்லாத ஒரு சாதாரண முங்கலில் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உலகத்திலேயே தன் உடம்பை அவரைவிட நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒரு பெண் இருந்திருக்க மாட்டார்.

சரி, கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்தி, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். முங்குவதற்கு முன் வேகமூச்சு வேண்டாம் என்று போடுங்கள். நீச்சல் குளத்தில் யார் அதிக நேரம் இருப்பது என்று பிள்ளைகள் போட்டி போடுகிறார்களே, அதிலும் இதே மயக்கம்தான் வரும், இடுப்பளவுத் தண்ணீர் போதும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தனியாக ஒருபோதும் வேண்டாம், கூட வருகிறவர் கரையில் துண்டோடு நின்றால் அது கணக்கில் சேராது, தண்ணீரில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மயங்கினவரைத் தூக்கத் தெரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ள நினைப்பவர் முறையாகச் சொல்லிக்கொடுப்பவரிடம் போகட்டும். முதல் வகுப்பிலேயே மூச்சைவிட மீட்பைப் பற்றி அதிகம் பேசுகிறவராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். தரிசன வரியைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, அது அவரவர் பாடு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி

பி.கு.: அலமாரிக் கதவில் ஒட்டிய படத்தில் மேல் விளிம்பை ஒட்டி, கிட்டத்தட்ட மடிப்பு விழுந்த இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அச்சு மை சிதறல் என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. கணக்குப் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இரண்டு கால்கள், ஃபின்ஸோடு. மேலே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். அப்புறம், படத்தை எடுத்தவரும் அங்கேதான் எங்கோ மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். படத்துக்குக் கீழே நீங்கள் போட்டிருந்த வரி: முழுத் தனிமை.